பூனைக்கும் தெரியக் கூடாது

இரத்தம் உறைவதைத் தடுப்பதற்காகவே கட்டிய அந்தக் கட்டடத்தில் தாராளமாக இருந்தவை நாற்காலிகள்தாம். கூடத்தில் நாற்காலி, தாழ்வாரத்தில் நாற்காலி, மாடிப்படி திரும்பும் இடத்தில்கூட யாராவது உட்கார்ந்து யோசிக்க வசதியாக ஒரு நாற்காலி. வாசலில் பித்தளை எழுத்தில் ‘மீன்புரதக் குருதியோட்ட உயராய்வு நடுவம்’ என்று பெயர் பொறித்திருந்தார்கள். முழுதாகப் படிக்க மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்ததால் உள்ளே இருந்தவர்கள் அதை நடுவம் என்று சுருக்கிக்கொண்டார்கள். தெருவில் இருந்தவர்கள் மீன் ஆபீஸ் என்றார்கள்.

லாரிக்காரர் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய இடது கால். போன வருஷம் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி, ஊசியும் மாத்திரையுமாக மாதக்கணக்கில் பார்த்து, காலைச் சரியாக்கிவிட்டார். மனசு மட்டும் சரியாகவில்லை. அவருடைய அண்ணனும் லாரிதான் ஓட்டினார். அவருக்கும் இப்படித்தான் கால் வீங்கியது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டிய மனிதர், சரக்கு இறக்குகிற இடத்தில் வண்டியை விட்டு இறங்கினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. காலில் இருந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டதாம். தன் கால் இறுகிய நாளிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே லாரிக்காரருக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. பயந்தார். பயமென்று வெளியே சொல்லிக்கொள்ளாமல், வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லிச் சொல்லிச் சவாரிகளைத் தட்டிக் கழித்தார்.

மாத்திரைக் காலம் முடிந்ததும் டாக்டர் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார். நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராதீர்கள், கால் வீங்கினால் ஓடி வாருங்கள். லாரி ஓட்டுகிறவனிடம் உட்காராதே என்றால் அவன் என்ன, நின்றுகொண்டா ஓட்டுவான்? அந்த நேரம் பார்த்துத்தான் நடுவத்தின் அறிவிப்பு கண்ணில் பட்டது. மீன் தோலிலிருந்து கொலாஜன் என்கிற புரதத்தை எடுத்து, அதைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்தால் பெப்டைடு கிடைக்கும். அந்தப் பொடி ரத்தம் கட்டுவதைத் தடுக்குமா என்று சோதிக்க ஆட்கள் தேவை. பொடியைக் குடித்துவிட்டு மறுபடி பயமில்லாமல் வண்டி ஏறலாம் என்று லாரிக்காரர் கணக்குப் போட்டார். தையல் கடையில் சீருடை தைக்கிற அவருடைய மனைவி, வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு, போய்த்தான் பாருங்களேன் என்றாள். சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அங்கே போய் உட்காரட்டும் என்பது அவள் எண்ணம். அது அப்படியே பலிக்கும் என்று அவளும் நினைக்கவில்லை.

தொடக்க நாளன்று இயக்குநர் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல். “உங்கள் ரத்தத்தில் தட்டணுக்கள் என்று சில உண்டு. அவை தனித்தனியாக இருக்கும்வரை தொந்தரவில்லை. ஒன்றாகக் கூடினால்தான் வினை. கூடிவிட்டால் கலையாது. கலையாவிட்டால் எதுவும் நகராது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. முப்பது வருட நிர்வாக அனுபவத்தில் சொல்கிறேன்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியபின் அவர் இன்னும் நெடுநேரம் பேசினார்.

அடுத்து மறைப்பு அதிகாரி எழுந்தார். சோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மீன் பொடி, மீதிப் பேருக்கு வெறும் சோள மாவு. இரண்டையும் ஆரஞ்சு சர்பத்தில் கலக்கி, மூடி போட்ட கோப்பையில் கொடுப்பார்கள். “யாருக்கு எது போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. கொடுக்கற நர்ஸுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாம இருக்கறதுதான் இங்க என் பொறுப்பு. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட எனக்கு எதுவும் தெரிஞ்சதில்ல” என்றார். அதில் பொய் இல்லை என்பது போகப் போக எல்லோருக்கும் விளங்கியது.

தினமும் காலையில் வந்து கோப்பையைக் காலி செய்ய வேண்டும். குடித்தபின் மதியம்வரை கூடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். லாரிக்காரருக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தாழ்வாரத்தில் நடந்துவிட்டு வரட்டுமா என்று நர்ஸிடம் கேட்டார். களைத்த முகமும் நல்ல மனசும் உள்ள பெண் அவள். “நடந்தா ரத்தம் நல்லா ஓடும் சார். அப்புறம் அது நடந்ததால ஓடுதா, பொடியால ஓடுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? உட்காருங்க சார்” என்றாள். சொன்னபோது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்த மாதிரி தெரிந்தது. லாரிக்காரர் உட்கார்ந்தார். ஆனால் செருப்புக்குள் கால்விரல்களை யாருக்கும் தெரியாமல் மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். ரகசியமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவர் போல முழங்காலுக்குக் கீழே மட்டும் ஓயாத வேலை.

அங்கேதான் ஆபீசர் அறிமுகமானார்.

ஆபீசர் என்பது ஒரு பூனை. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. எல்லோரும் வந்தபின் வரும், வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு நல்ல இடமாகப் பார்த்துத் தூங்கும். அதனால் காவலாளி வைத்த பெயர் அது. முதல் நாளிலேயே ஆபீசர் கூடத்துக்குள் வந்து, வரிசையாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, லாரிக்காரருக்குப் பக்கத்தில் இருந்த பெயின்டரின் மடியில் முன்னங்காலை வைத்துக் கோப்பையை முகர்ந்தது. முகர்ந்து மயங்கி, அவர் காலில் உரசி உரசி நின்றது. பிறகு லாரிக்காரரின் கோப்பையை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டது.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். ஆரஞ்சு வாசனை மனிதர்களை ஏமாற்றியது, ஆபீசரை ஏமாற்ற முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் கூடம் இரண்டாகப் பிரிந்தது. பூனை உரசியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்து உட்கார்ந்து கலகலவென்று பேசினார்கள். பூனை ஒதுக்கியவர்கள் இன்னொரு பக்கம் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பெயின்டர் தன் கால் இப்போது பறக்கிறது என்றார். லாரிக்காரர் ஒருநாள் யாரும் பார்க்காதபோது ச்சு ச்சு என்று மெல்லக் கூப்பிட்டும் பார்த்தார். ஆபீசர் நின்று திரும்பியது, யோசித்தது, போய்விட்டது. அன்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. தான் குடிப்பது சோள மாவு, தனக்கு வரப்போவது அண்ணனுக்கு வந்ததுதான் என்று தீர்மானமே செய்துவிட்டார்.

வீட்டில் சொன்னார். “பூனை சொன்னா நம்பறீங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உட்காராதீங்க, நடங்கன்னு டாக்டர் சொன்னாரே, அதையாவது கேட்டீங்களா?” என்றாள் மனைவி. அவர் பூனையைப் பற்றி நர்ஸிடம் சொல்வதாக முடிவு செய்தார். இதுதான் அவர் செய்த தப்பு.

நர்ஸ் மறைப்பு அதிகாரியிடம் சொல்ல, அவர் ஆடிப்போனார். மறுநாளே ‘விலங்குவழி மறைப்புமீறல் விசாரணைக் குழு’ கூடியது. லாரிக்காரர்தான் சாட்சி. சாட்சியை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்பதால் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காலைக் கோப்பைக்குப் பின் மதியம்வரை கூடத்து நாற்காலி, மதியத்துக்குப் பின் சாயங்காலம்வரை சாட்சி நாற்காலி என்று ஆனது.

ஒருவழியாக உள்ளே கூப்பிட்டபோது மறைப்பு அதிகாரிதான் கேள்வி கேட்டார்.

“அந்தப் பூனை உங்ககிட்ட வந்து ஏதாவது தெரிவிச்சதா?”

“இல்லீங்க. அது என்கிட்ட வரவே இல்ல. அதான் விஷயமே.”

“வராத பூனையைப் பத்தி நீங்க எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?”

லாரிக்காரர் விழித்தார். எத்தனையோ சோதனைச் சாவடிகளில் எத்தனையோ கேள்விகளுக்கு நின்ற மனிதர்தான், இந்தக் கேள்விக்குப் பழக்கத்தில் சட்டைப்பையில் லைசென்ஸைத் தேடினார்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். “பூனைக்குத் தெரிந்தது குற்றமல்ல. பூனைக்குத் தெரிந்தது நமக்குத் தெரிந்துவிட்டதுதான் குற்றம். தெரியாமல் இருப்பதற்காக நாம் எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம். ஒரு பிராணி அதைப் பாழாக்க விடலாமா?” என்றார். குழு உருகிப்போனது.

துரத்திவிட்டால் போயிற்று என்று காவலாளி வாசலில் நின்றபடியே சொன்னார். அது அவ்வளவு சுலபமில்லை என்று அவருக்கு விளக்கப்பட்டது. நடுவத்தில் சேராத ஒருவரை நடுவத்திலிருந்து வெளியேற்ற விதியில் இடமில்லை. ஆகவே முதலில் ஆபீசரை முறைப்படி சேர்த்தார்கள். சேர்த்தபின் பார்த்தால், சோதனை நடக்கும்போது சேர்ந்தவர் யாரையும் சோதனை முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. ஆபீசர் கழுத்தில் ஒரு பட்டையோடு தாழ்வாரத்தில் உலாவியது. அதற்குத் தினமும் ஒரு கிண்ணம் பால் போடவும் ஏற்பாடானது.

வெளியேற்ற முடியாதவரை மறைக்கத்தானே வேண்டும். பச்சைத் துணியில் ஒரு பட்டி தைத்து ஆபீசரின் கண்ணைக் கட்டினார்கள். கண்ணைக் கட்டிய ஆபீசர் நாற்காலிக் காலில் ஒருமுறை முட்டிக்கொண்டு, நேரே பெயின்டரிடம் போய் உரசியது. கோளாறு கண்ணில் இல்லை என்று குழு கண்டறிந்தது. இதைக் கண்டறிந்ததற்காகக் குழுவினர் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கூடம் முழுக்க ரோஜா சென்ட்டைத் தெளித்தார்கள். மனிதர்கள் எல்லோரும் தும்மித் தள்ளினார்கள், ஆபீசர் மட்டும் தும்மாமல் தன் வேலையைப் பார்த்தது. ஒவ்வொரு யோசனை தோற்றபோதும் லாரிக்காரரை மறுபடி கூப்பிட்டு, பூனை நேற்று எந்தத் திசையில் வராமல் போனது என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லிவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தார். களைத்துப்போனார். நின்று களைத்திருக்கிறார், ஓட்டிக் களைத்திருக்கிறார். உட்கார்ந்து இப்படிக் களைக்க முடியும் என்பது அவருக்குப் புதிது.

கடைசியில் குழு பிரச்சினையின் வேரைப் பிடித்தது. இரண்டு பொடியும் பூனைக்கு ஒரே மாதிரி இருந்துவிட்டால் தீர்ந்தது. மீன் தோலையும் முள்ளையும் பெரிய அண்டாவில் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றைச் சோள மாவில் சேர்த்துக் காய வைப்பது என்று தீர்மானம்.

“அப்போ சோள மாவுக்குள்ளயும் மீன் தோல்ல இருக்கறது போயிடுமே சார்?” என்று நர்ஸ் கேட்டாள்.

மறைப்பு அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “மருந்துக்காகச் சேர்த்தா அது மருந்தும்மா. வாசனைக்காகச் சேர்த்தா அது வாசனை. நோக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?”

இந்தத் தீர்மானத்தைக் கோப்பை குடிக்கிறவர்களிடம் சொல்லக் கூடாது என்பதும் தீர்மானத்தில் ஒரு பகுதி. எனவே லாரிக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீசர் வழக்கம்போல் சுற்றி வந்து, அவர் கோப்பையை முகர்ந்து, ஒரு கணம் நம்ப முடியாமல் நின்று, தாவி அவர் மடியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டதுதான்.

லாரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கேயோ யாரோ மனசு மாறித் தன் கோப்பையையும் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தார். பெயின்டர் அந்தப் பக்கத்திலிருந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். இனி அண்ணனுக்கு வந்தது தனக்கு வராது. அன்று மாலையே லாரி முதலாளிக்குப் போன் போட்டு, வண்டியில் வந்த சத்தம் நின்றுவிட்டது, அடுத்த மாதம் நெடுந்தூரச் சவாரிக்குத் தான் தயார் என்று சொன்னார்.

அன்றிலிருந்து அவர் செருப்புக்குள் விரல்களை ஆட்டுவதை விட்டார். எதற்கு ஆட்ட வேண்டும்? மருந்துதான் உள்ளே போகிறதே. அதோடு, ஆட்டினால் மடியில் இருக்கும் ஆபீசரின் தூக்கம் கெடும். வராது வந்த அதிர்ஷ்டத்தை எழுப்பி விரட்ட அவருக்கு மனம் வரவில்லை. மதியம்வரை கூடத்தில் அசையாமல் உட்கார்ந்தார். மதியத்துக்குமேல் குழு முன்னால் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பூனை இப்போது வருகிறது என்று சொல்வதற்காக. அங்கேயும் ஆபீசர் மடிக்கு வந்துவிட்டது. அவரைப் போல ஒழுங்காக ஒருவரும் உட்காருவதில்லை என்று மறைப்பு அதிகாரியே எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஒரு சாயங்காலம் எழுந்தபோது இடது கால் கூடவே எழுந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் மனைவி ஓடிவந்தாள். கெண்டைக்கால் கல்லாக இருந்தது. ஒரு வருஷமாக லாரிக்காரர் பயந்துகொண்டிருந்தது லாரியில் வரவில்லை, தடுக்கிற இடத்திலேயே வந்தது. சுளுக்காக இருக்கும் என்று அவர் ஆரம்பித்தார்.

“உங்க அண்ணனும் அதைத்தான் சொன்னார். பேசாம எழுந்திருங்க” என்றாள். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனாள்.

நல்ல காலம், கட்டி காலோடு நின்றிருந்தது. ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, ஊசி போட்டு, மறுபடி மாத்திரை எழுதி, காலுக்கு இறுக்கமான உறை மாட்டி, தினமும் ஒழுங்காக என்னதான் செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். உட்கார்ந்திருந்தேன் என்றார் லாரிக்காரர். எங்கே என்று கேட்டார். சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நடுவத்துக்குத் தகவல் சொல்வது தன் கடமை என்று லாரிக்காரர் நினைத்தார். சோதனை என்றால் இதையும் குறித்துக்கொள்வார்கள் அல்லவா? போனில் மறைப்பு அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீக்கம் வீட்டில் தெரிந்ததா நடுவத்தில் தெரிந்ததா என்று விசாரித்தார். வீட்டில் என்றார் இவர். அப்படியானால் அது வீட்டு வீக்கம் என்றார் அவர். மேலும், நாளைக் காலை வந்து கோப்பை குடிப்பீர்களா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எப்படி வர முடியும் என்றதும், தானாக விலகியவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்வதாகவும், விலகியவர்களுக்கு வருவதெல்லாம் விலகியபின் வந்ததாகவே கொள்ளப்படும் என்றும் ஆறுதலாகச் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் நர்ஸ் மட்டும் தன் பாட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். சோள மாவில் மீன் சாறு சேர்த்த கதையை அவள்தான் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும்.

சில மாதம் கழித்து நிறைவு விழாவுக்கு அழைப்பு வந்தது. விலகியவர்களும் வந்து பெருமையில் பங்குகொள்ளலாமாம். மனைவி வேண்டாம் என்றாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்கிறார்களா என்று கேட்க அவருக்கு ஆசையாக இருந்தது. உறை மாட்டிய காலோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் அவள்.

இயக்குநர் எழுந்தார். “நம் நடுவத்தில் பொடி குடித்து முடித்த ஒருவருக்கும் ரத்தம் உறையவில்லை. சோள மாவு குடித்தவர்களுக்கும் உறையவில்லை. ஆக, நம் பொடியின் பலன் அதைக் குடிக்காதவர்களையும் சென்றடைந்திருக்கிறது” என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. “குறிப்பாக நாற்பத்தொன்றாம் எண்காரரைச் சொல்ல வேண்டும்.”

லாரிக்காரர் நிமிர்ந்தார். அது அவருடைய எண்.

“ஒரு வேளைகூடத் தவறவில்லை. காலில் வீக்கம் என்பதே இல்லை. எடை கூடியிருக்கிறது. உடம்பில் நல்ல மினுமினுப்பு. நாள் முழுக்க நிம்மதியாகத் தூங்குகிறார். எங்களை ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு பரிசோதனைக்கு வருகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவரே உதாரணம்.”

முன்வரிசையில் நடு நாற்காலியில், பட்டு மெத்தை போட்டு, ஆபீசர் உறங்கிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டையில் நாற்பத்தொன்று. காலியான எண்ணைக் காலியாக விட விதியில்லை. சேர்ந்தவர் ஒருவர் எண் இல்லாமல் இருக்கவும் விதியில்லை. இரண்டு குறையையும் ஒரே தீர்மானத்தில் தீர்த்திருந்தார்கள்.

லாரிக்காரர் எழுந்தார். “ஐயா, நாற்பத்தொண்ணு நான்தாங்க. எனக்கு வீங்கிச்சு” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது.

மறைப்பு அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். இயக்குநர் தாராளமாகச் சிரித்தார். “நீங்கள் விலகிவிட்டீர்கள். உட்காருங்கள்.”

“உட்கார்ந்துதாங்க வந்துச்சு” என்றார் லாரிக்காரர். ஒரு கையால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார்.

நன்றியுரை முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்று காவலாளி வாசலில் முணுமுணுத்தார். சொல்லிவிட்டு அவரே கதவைத் திறந்தும் விட்டார். பின்னால் எங்கோ பெயின்டர் தன் காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் நிறுத்தம் தூரம். ஆட்டோ பிடிக்கலாமா என்று அவள் கேட்கவில்லை. நடக்கத்தானே டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் தாங்கித் தாங்கி நடந்தார், அவள் எப்போதும் நடக்கிற வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

“வலிக்குதா?”

“வலிக்குது” என்றார். கொஞ்ச தூரம் போனபின், “யாரும் குறிச்சிக்கவே இல்லயே” என்றார்.

“நான் குறிச்சிக்கிட்டேன்” என்றாள் அவள். “வாங்க.”